சட்டைப்பையில் இருந்த அட்டை

எங்கள் பள்ளியில் வருடா வருடம் பட்டமளிப்பு விழா நடக்கும். பட்டம் என்று எதுவும் கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கியையும் சதுரத் தொப்பியையும் மாட்டி, மேடையில் ஏற்றி, கையில் ஒரு கேடயத்தைத் திணித்து, படம் பிடித்து இறக்கிவிடுவோம். கேடயத்தின் தங்க முலாம் வீடு போய்ச் சேர்வதற்குள் விரலில் ஒட்டிக்கொண்டுவிடும். எல்லோருக்கும் ஏதாவது ஒரு விருது உண்டு. படிப்பில் சுமாரானவனுக்குச் சிறந்த புன்னகை விருது. சிரிக்கவும் வராதவனுக்கு எதிர்கால நம்பிக்கை விருது. அதையும் வாங்கிக்கொண்டு பெற்றோர் மேடைக்குக் கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறும்போது அதைப் பற்றி இரண்டு வரி வாசிக்க வேண்டும். அதற்குப் பாராட்டு அட்டை என்று பெயர். அந்த அட்டைகளை எழுதுபவன் நான். வாசிப்பவனும் நான்தான். மொழிப்பாட ஆசிரியர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், குரல் கணீரென்று இருக்கும் என்று பதினான்கு வருடங்களுக்கு முன் என் தலையில் கட்டினார்கள். "அமைதியே இவளது அணிகலன்" என்று நான் எழுதினால், இரண்டரை வருடம் பாடம் நடத்தியும் அவள் முகம் எனக்கு நினைவில்லை என்று அர்த்தம். "துடிப்பான இளைஞன்" என்றால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தவன். இப்படி வருடத்துக்கு நூறு பொய். பிள்ளைகள் எனக்குப் புலவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியரும் அப்படியே கூப்பிடுவார்.

தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நூறு. பள்ளி வாசலில் நான்கு ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. 'தொடர்ந்து ஒன்பதாவது ஆண்டாக நூறு சதவீதத் தேர்ச்சி.' சுற்றிலும் சீரியல் விளக்கு. தினமும் காலையில் அவர் காரை விட்டு இறங்கியதும் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார். அதில் தூசி இருந்தால் அன்றைக்குக் காவலாளி செத்தான்.

அந்த நூறு எப்படி வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. தோற்கக்கூடியவர்களைத் தேர்வுக்கு முன்பே கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் எல்லோரும் தேறியவர்கள்தானே. அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் கோட்டை விட்டவர்களின் பெற்றோரை ஒவ்வொருவராக அழைப்போம். நாற்காலி போடுவோம், தண்ணீர் கொடுப்போம். "பிள்ளைக்கு எதுக்கு இவ்ளோ அழுத்தம்? வீட்ல இருந்தே தனியா எழுதட்டுமே" என்று நாக்கில் தேன் தடவிப் பேசுவோம். பிறகு ஒரு கடிதம். 'சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' அடியில் உள்ள கையெழுத்து மட்டும் அவர்களுடையது. மற்ற எழுத்தெல்லாம் என்னுடையது.

இந்த முறை பதினோரு பேர். அதில் ஒருத்தி தையல்காரம்மாவின் மகள். வகுப்பில் அவளை ஊசி என்று கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி. அவள் கேட்கும் கேள்வியும் குத்தும்.

விழாவுக்கான அங்கிகளைத் தைப்பது அவள் அம்மாதான். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே நூற்றுப் பன்னிரண்டு பேரின் அளவும் எழுதிக் கொடுத்து, துணியையும் இறக்கிவிட்டோம். முப்பது அங்கி முடிந்த நிலையில் இயந்திரத்தின் ஊசி அந்த அம்மாவின் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. நகத்துக்குள் சீழ் பிடித்து மாதக்கணக்கில் கட்டுப் போட்டிருந்தார். மீதி எண்பத்திரண்டு அங்கியையும் தைத்தவள் மகள். பள்ளி விட்டுப் போனதும் உட்கார்ந்து தைத்தாள், காலையில் எழுந்ததும் தைத்தாள். கணக்கிலும் இயற்பியலிலும் கோட்டை விட்டாள். எங்கள் அங்கியைத் தைத்ததால்தான் தோற்றாள் என்பது எனக்குத் தெரியும். நூறுக்கும் தெரியும். நானே சொன்னேன்.

"பாவந்தான் புலவரே" என்றார் அவர். "ஆனா வாசல்ல இருக்கிற போர்டு பாவம் பாக்காதே."

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தபோது அந்த அம்மாவை வரச்சொன்னோம். விரலில் கட்டோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். நான் கடிதத்தை நீட்டினேன்.

"எனக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது சார்" என்றார். "இவ நல்லதுக்குத்தானே?"

"நல்லதுக்குத்தாம்மா" என்றேன்.

கட்டுப் போட்ட விரலை ஒதுக்கிப் பேனாவை எப்படியோ பிடித்துக் கையெழுத்துப் போட்டார். மகள் அந்தத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க, சார்."

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். துப்புங்கள். ஒரு நொடி அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தேர்வு முடிவு வந்தது. நூற்றியோரு பேரும் தேறினார்கள். பலகையில் 'ஒன்பதாவது' என்பதைச் சுரண்டி 'பத்தாவது' என்று எழுத ஆள் ஏணியோடு வந்துவிட்டான். ஆனால் அன்று மத்தியானம் பத்திரிகை நிருபர் ஒருவர் போன் செய்தார். இந்த வட்டாரத்திலேயே உயிரியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர் ஒரே ஒருத்தி, தனியாக எழுதியவள், முன்பு உங்கள் பள்ளியில் படித்தவளாமே என்று கேட்டார். ஊசிதான். வெளியேற்றிய பதினோரு பேரில் நான்கு பேர் தேர்வே எழுதவில்லை, மூன்று பேர் தோற்றார்கள். அவர்களைப் பற்றி யாரும் போன் செய்யவில்லை.

நூறு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் பல்.

"அவ நம்ம பொண்ணுதானே, புலவரே!"

"நாமதான் சார் அனுப்பினோம்."

"ரெண்டரை வருஷம் நம்ம பெஞ்சுல உக்காந்தா. அஞ்சு வாரம் வீட்ல உக்காந்தா. எது பெருசு, நீங்களே சொல்லுங்க. ரெக்கார்டு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதையெல்லாம் பாத்துக்கலாம். விழாவுல அவளை முதல்ல ஏத்துறோம். பத்திரிகைக்காரன் டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பறதுக்குள்ள படம் எடுத்துடணும். நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க." நான் எழுந்ததும் சொன்னார்: "துணைத் தலைமையாசிரியர் சீட்டு அடுத்த வருஷம் காலியாகுது. உங்க பேரு என் மனசுல இருக்கு."

எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவருடைய வாசனைத் திரவியமும், மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த அவருடைய சொந்தப் படங்களும், கொட்டாவி விடும்போது கூட மறையாத அந்தச் சிரிப்பும். ஆனால் படி இறங்கும்போது துணைத் தலைமையாசிரியர் அறையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். சுழல் நாற்காலி. ஜன்னல் ஓரம்.

தையல்காரம்மாவின் வீட்டில் முன்னறைதான் தையலறை. ஜன்னலுக்குக் கீழே இயந்திரம், தரையெங்கும் வெட்டுத் துணி, சுவரில் ஆணியில் தொங்கும் அளவு நாடா. அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு கறுப்பு அங்கி.

"பதினொன்னு மிச்சம் இருந்துச்சு சார்" என்றார் அந்த அம்மா. "பத்தை வெட்டிப் பை தெச்சிட்டேன். இவளோடதை மட்டும் கத்திரி வைக்க மனசு வரலை."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். என்னென்னவோ சப்பைக்கட்டுக் கட்டினேன். பள்ளிக்கூடம் வருத்தப்படுகிறது என்றுகூடச் சொன்னேன். பள்ளிக்கூடம் எங்கே வருத்தப்பட்டது? அது செங்கலும் சிமெண்டும்.

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் தெச்சதைப் போட்டுக்கிட்டு எத்தனையோ பேர் பிள்ளைங்க மேடையேறியிருக்கு சார். எல்லாத்தையும் பின்னாடி நின்னு பாத்திருக்கேன். இவ ஏறுறதை ஒரு தடவை பாத்தாப் போதும்."

மகள் ஒரு பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தாள். கால் மிதியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"வரேன் சார். அம்மாவுக்காகத்தான். ஆனா என் அட்டையில நடந்ததை எழுதணும்."

"நடந்ததுன்னா?"

"பதினோரு பேரை வெளியே அனுப்பினீங்க. அதுல நான் ஒருத்தி. பள்ளிக்கூடத்துல படிச்சு வாங்கின மார்க் இல்ல, இந்த ரூம்ல படிச்சு வாங்கினது. லெட்டரை எழுதினது நீங்க."

"நான் எழுதினதையும் சொல்லணுமா?"

"அது இல்லன்னா மத்ததெல்லாம் பொய் மாதிரி இருக்கும் சார். நீங்க அதைப் படிச்சா ஏறுவேன். இல்லன்னா ஏற மாட்டேன்."

அந்த நொடியில் படிக்கத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். "படிக்கிறேம்மா" என்றேன். "வாக்கு."

"சார் சொன்னா செய்வாரு" என்று மகளிடம் சொன்னார் அந்த அம்மா. "நீ ஏன் சும்மா அவரைக் கொடையறே?"

வீட்டுக்குப் போய் எழுதினேன். பதினான்கு வருடத்தில் நான் எழுதிய அட்டைகளிலேயே அதுதான் நல்ல அட்டை. ஒரு அலங்காரச் சொல் கிடையாது. 'தேர்வுக்கு ஐந்து வாரம் முன்பு இந்தப் பள்ளி பதினோரு பேரை வெளியே அனுப்பியது. அவர்களில் ஒருத்தி இவள். அனுப்பும் கடிதத்தை எழுதியவன் நான். இவள் எங்கள் அங்கிகளைத் தைத்ததால் அரையாண்டில் தோற்றாள். தையலறையில் தானே படித்து நூற்றுக்கு நூறு எடுத்தாள். இந்த வெற்றியில் எங்களுக்குப் பங்கு இல்லை.' எழுதி முடித்துவிட்டு மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் அட்டையை வாங்கித் தானும் ஒரு முறை படித்தாள். பிறகு, "படிச்சிடுவீங்களா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. என்னை யார் என்று நினைத்தாய் என்று கத்தினேன்.

அட்டைகள் எல்லாம் முன்கூட்டியே நூறின் பார்வைக்குப் போக வேண்டும். அதனால் அவளுக்கு இன்னொரு அட்டையும் எழுதி அட்டைக்கட்டின் மேலே வைத்தேன். 'எங்கள் பள்ளியின் அரவணைப்பில் மலர்ந்த நறுமலர்.' அவர் அதைப் படித்துவிட்டு, "அடடா, நறுமலர்!" என்று தொடையைத் தட்டினார். உண்மையான அட்டை என் சட்டைப்பையில் இருந்தது.

விழா அன்று அரங்கில் கால் வைக்க இடமில்லை. பிளாஸ்டிக் பூத்தோரணம், சூடு, வியர்வை, தலைக்குத் தடவிய ஜெல்லின் வாடை. ஒவ்வொரு குடும்பமும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த குடும்பத்தின் போனைத் திட்டிக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். புது விளையாட்டுக் கூடத்தைக் கட்டப்போகிறவர் என்பதைத் தவிர அவரிடம் என்ன சிறப்பு என்று எனக்குத் தெரியாது. உழைப்பால் உயர வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் இரண்டு முறை வந்த போனையும் எடுத்துப் பேசினார். அதற்கும் கைதட்டினார்கள். நூறு எழுந்து, "எங்க குழந்தைகள்ல ஒருத்தரைக்கூட நாங்க கைவிட்டதில்ல" என்றார். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நான் ஒலிவாங்கிக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஐந்து நிமிஷம், இருங்கடா, உங்கள் எல்லோர் வாயையும் அடைக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேடைப் படிக்கட்டின் கீழே அவள் நின்றாள். கறுப்பு அங்கி கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. எடுத்த அளவுக்கே தைத்த அங்கி. அவள் அம்மா கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்றிருந்தார். விழா முடிந்ததும் அங்கிகளைத் திரும்ப வாங்கி மடித்து மூட்டை கட்டுவது அவர் வேலை. அதற்காகத்தான் அவரை உள்ளே விட்டிருந்தார்கள்.

நூறு என் பக்கம் தலையசைத்தார். நான் அவள் பெயரை வாசித்தேன். அரங்கு அடங்கியது. அவள் ஒரு காலைக்கூட எடுத்து வைக்கவில்லை. காத்திருந்தாள்.

என் கை சட்டைப்பைக்குப் போனது. அட்டையின் முனை விரலில் பட்டது. அப்போது நூறு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் சந்தேகப்பட்டுச் சிரிக்கவில்லை. நம்பிச் சிரித்தார். பதினான்கு வருடமாக ஒரு நாள்கூடக் கோணாத ஆளைப் பார்க்கிற சிரிப்பு.

கை நடுங்கியது, கண் இருட்டியது, ஏதோ ஒரு அட்டை கையில் வந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். கட்டின் மேலே இருந்த அட்டையைப் பார்த்தேன். தெரிந்தே, நிறுத்தி, கணீரென்று வாசித்தேன்.

"எங்கள் பள்ளியின் அரவணைப்பில் மலர்ந்த நறுமலர்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒப்பந்தக்காரர் கேடயத்தை எடுத்து நீட்டினார். எதிரில் யாரும் இல்லை. நான் இரண்டாம் முறை அவள் பெயரைச் சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். அவள் தொப்பியைக் கழற்றினாள். கழுத்துக் கொக்கியை எடுத்து அங்கியைக் கழற்றினாள். அங்கியின் கைகளை உள்பக்கம் மடக்கி, நீளவாக்கில் இரண்டாக மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு வரிசைக்கு நடுவே நடந்து போய்த் தன் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அந்த அம்மா முக்காலியிலிருந்து இறங்கினார்.

கைதட்டல் அங்கங்கே தேய்ந்து நின்றது. நூறு இருந்த இடத்திலிருந்தே என்னிடம் பல்லிடுக்கில் பேசினார். நான் அப்படியே ஒலிவாங்கியில் சொன்னேன்.

"உடல்நலக் குறைவு காரணமாக, மாணவியின் சார்பில் நமது தலைமையாசிரியர் அவர்களே கேடயத்தைப் பெற்றுக்கொள்கிறார்."

உடல்நலக் குறைவானவள் இரண்டு காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு போய்க் கேடயத்தை வாங்கினார். ஒப்பந்தக்காரரோடு கை குலுக்கியபடி கேமராவைப் பார்த்து இளித்தார். மறுபடியும் கைதட்டினார்கள். யாருக்கு எதற்கு என்று கேட்காமல் தட்டுகிற கைகள். அவற்றைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனால் அவர்களுக்காவது விஷயம் தெரியாது.

"அடுத்தது, புலவரே" என்றார் நூறு.

அடுத்ததை வாசித்தேன். அமைதியே இவளது அணிகலன். அதற்கு அடுத்ததையும் வாசித்தேன். நூற்றியோரு அட்டைகளையும் வாசித்தேன். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. துடிப்பான இளைஞர்கள் ஒன்பது பேர் வந்து போனார்கள். முடிந்ததும் ஒப்பந்தக்காரர் என் தோளைத் தட்டி, நல்ல குரல் என்றார்.

அரங்கு காலியானபோது தரை முழுக்கக் காகிதக் கோப்பைகளும் மிதிபட்ட பூக்களும். பின்பக்கம் ஒரு பெஞ்சில் அங்கிகள் மலையாகக் குவிந்திருந்தன. தாயும் மகளும் மடித்துக்கொண்டிருந்தார்கள். மேடையேறினாலும் ஏறாவிட்டாலும் அவர்களுக்கு அந்த வேலை இருந்தது. நான் பக்க வாசல் வழியாக நழுவியிருக்கலாம். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை. மன்னித்துவிடுவார்கள் என்ற நப்பாசையாகத்தான் இருக்கும். அது என்னைவிட அசிங்கம்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை.

"நாந்தான் சார் இவளை வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். "சார் சொன்னா செய்வாருன்னு சொன்னேன்."

"அட்டை எழுதினேம்மா" என்றேன். "சத்தியமா எழுதினேன். பையிலதான் இருக்கு."

மகள் கையை நீட்டினாள். கொடுத்தேன். வியர்வையில் நனைந்து ஒரு ஓரம் ஊறியிருந்தது. ஆனால் எழுத்து அழியவில்லை. அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். கடைசி வரியை இரண்டு முறை படித்தது அவள் கண்ணில் தெரிந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க, சார்" என்றாள்.

அட்டையை என் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகிவிட்டு, குவியலிலிருந்து அடுத்த அங்கியை எடுத்து உதறி மடிக்க ஆரம்பித்தாள்.